காலைதோறும் மறந்துபோகும் உலாவி

கணினியைச் சுத்தம் செய்து வேகப்படுத்துவதாகச் சொல்லும் மென்பொருள்களால் உலாவியில் ஏற்படும் கோளாறுகளைக் கண்டுபிடிப்பது, பல நேரங்களில் வைரஸைக் கண்டுபிடிப்பதைவிடக் கடினமாக இருக்கிறது. வைரஸ் ஏதாவது ஒரு விதத்தில் தன்னைக் காட்டிக்கொள்ளும்: விளம்பரங்கள் குதிக்கும், தெரியாத தளம் திறக்கும், கணினி திணறும். துப்புரவு மென்பொருள் கைவைத்த உலாவியோ ஒழுங்காகத் திறக்கிறது. பிழைச்செய்தி எதையும் காட்டுவதில்லை. கேட்ட பக்கங்களையெல்லாம் கொண்டுவருகிறது. நேற்று அதற்குத் தெரிந்திருந்தது இன்று தெரியவில்லை என்பதுதான் குறை.

எனக்கு நன்கு அறிமுகமான வரி ஆலோசகர் ஒருவருடைய அலுவலகத்தில் இதை அண்மையில் பார்த்தேன். விண்டோஸ் 10 கணினி. தினமும் காலையில் மின்னஞ்சல் மறுபடியும் கடவுச்சொல் கேட்டது. அதைக் கொடுத்ததும் புதிய கருவியிலிருந்து யாரோ உள்நுழைந்திருப்பதாக அவருடைய கைப்பேசிக்கு எச்சரிக்கை வந்தது. வாட்ஸ்அப் வெப் க்யூஆர் கட்டத்தைக் காட்டியது. தமிழில் தட்டச்சு செய்வதற்காக உலாவியோடு சேர்த்து வைத்திருந்த துணைநிரலான நீட்சி இருந்த இடத்திலேயே இருந்தாலும் அதன் அமைப்புகள் ஆரம்ப நிலைக்குத் திரும்பியிருந்தன. முதலில் குரோமைக் குறை சொல்லி நீக்கிவிட்டு மீண்டும் நிறுவினார்கள். பிறகு ஃபயர்பாக்ஸுக்கு மாறினார்கள், அதன்பிறகு எட்ஜுக்கு. மூன்றிலும் அதே கதை. யாரோ கணக்குகளை ஊடுருவுகிறார்கள் என்ற பயம் வந்து, கடவுச்சொற்களை அடிக்கடி மாற்றத் தொடங்கிய பிறகே என்னைக் கூப்பிட்டார்கள்.

மூன்று உலாவிகளிலும் ஒரே குறை என்பதே இங்கே முதல் தடயம். குரோமும் எட்ஜும் குரோமியம் என்ற ஒரே அடித்தளத்தில் கட்டப்பட்டவை. ஆகவே அவை இரண்டும் ஒரே மாதிரி தவறினால் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஃபயர்பாக்ஸ் வேறு இயந்திரம், வேறு கோப்புறை, வேறு கோப்பு முறை. அதுவும் சேர்ந்து மறக்கிறது என்றால் காரணம் உலாவிக்கு வெளியே இருக்கிறது. உலாவியை நீக்கி மீண்டும் நிறுவுவதால் இப்படிப்பட்ட குறை தீராது. சொல்லப்போனால், நீக்கும்போது உலாவல் தரவுகளையும் அழிக்கவா என்று குரோம் கேட்கும் கட்டத்தில் அவசரமாக டிக் அடித்துவிட்டால், மிச்சமிருக்கும் புத்தகக்குறிகளும் கடவுச்சொற்களும் நம் கையாலேயே போய்விடும்.

வெளியே தேடப் புறப்படும் முன் உலாவியின் சொந்த அமைப்புகளை ஒருமுறை பார்த்துவிடுவது முறை. நம்மை அடையாளம் காணத் தளங்கள் உலாவியில் விட்டுவைக்கும் சிறு குறிப்புகளான குக்கிகளை, உலாவியை மூடியதும் அழித்துவிடும் வசதி மூன்று உலாவிகளிலும் இருக்கிறது. ஃபயர்பாக்ஸில் வரலாற்றை ஒருபோதும் நினைவில் வைக்காதே என்ற தேர்வும் உண்டு. இவற்றை வீட்டில் யாராவது ஒருவர் நல்லெண்ணத்துடன் இயக்கி வைத்திருக்கலாம். அடுத்து கணினியின் கடிகாரம். பழைய மேசைக்கணினிகளில் மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்துபோனால், மின்சாரம் துண்டிக்கப்படும்போதெல்லாம் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும்; அப்போது தளங்களின் சான்றிதழ்கள் செல்லாதவை என்று உலாவி முறையிடும். தேதி முன்னால் போய்விட்டாலோ, குக்கிகளின் ஆயுள் முடிந்துவிட்டதாக உலாவியே முடிவு செய்து அவற்றைக் கைவிடும். இந்த அலுவலகத்தில் அமைப்புகளும் சரியாக இருந்தன, தேதியும் சரியாக இருந்தது.

சோதனைக்கு எந்தத் தளத்தை எடுத்துக்கொள்கிறோம் என்பதிலும் கவனம் தேவை. வங்கித் தளங்களும் ஜிஎஸ்டி தளமும் சிறிது நேரம் சும்மா இருந்தாலே நம்மை வெளியேற்றிவிடும்படி வடிவமைக்கப்பட்டவை. அவை மறுபடியும் கடவுச்சொல் கேட்பதைக் கோளாறாகக் கணக்கில் எடுத்துக்கொண்டால் விசாரணை முழுவதும் திசைமாறிவிடும். நான் மின்னஞ்சலையே சோதனைத் தளமாக வைத்துக்கொண்டேன். உள்நுழைந்துவிட்டு, உலாவியை முழுவதும் மூடி உடனே திறந்தால் உள்நுழைவு நிற்கிறதா என்று பார்த்தேன், நின்றது. மூடிவிட்டுச் சற்று நேரம் கழித்துத் திறந்தேன், போய்விட்டிருந்தது. கணினியை மறுபடி இயக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. உடனே திறந்தால் இருக்கிறது, தாமதித்தால் இல்லை என்பது, உலாவி எப்போது மூடப்படும் என்று காத்திருக்கும் வேறொரு நிரல் பின்னணியில் ஓடிக்கொண்டிருப்பதைக் காட்டியது. மறுதொடக்கத்துக்குப் பிறகு மட்டும் போகிறது என்றால் கணினி துவங்கும்போது ஓடும் நிரலையும், வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில் மட்டும் போகிறது என்றால் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் நேரம் குறித்து வைக்கப்பட்ட வேலையையும் சந்தேகிக்கலாம்.

சந்தேகத்தை உறுதிப்படுத்த எனக்குப் பிடித்த கருவி புராசஸ் மானிட்டர். மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கிறது. நிறுவத் தேவையில்லை, நிர்வாகி உரிமையுடன் இயக்கினால் போதும். கணினியில் எந்த நிரல் எந்தக் கோப்பைத் திறக்கிறது, எழுதுகிறது, அழிக்கிறது என்பதை வரிவரியாகக் காட்டும். வடிகட்டாமல் விட்டால் சில நிமிடங்களிலேயே இலட்சக்கணக்கான வரிகள் குவிந்துவிடும் என்பதால், கோப்பின் பாதையில் குக்கி கோப்பின் பெயர் இருக்கும் நிகழ்வுகளை மட்டும் காட்டும்படி வடிகட்டி, மற்ற நிகழ்வுகளைச் சேமிக்காமல் விட்டுவிடும் தேர்வையும் இயக்கிவிட வேண்டும். பிறகு உலாவியை மூடிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. கோப்பை அழிக்கும் செயலை மட்டும் தேடினால் ஏமாந்துபோகலாம். பல துப்புரவு மென்பொருள்கள் குக்கி கோப்பை அப்படியே அழிப்பதில்லை. அதை ஒரு தரவுத்தளமாகத் திறந்து, பயனர் காப்பாற்றச் சொன்ன தளங்களை விட்டுவிட்டு, மற்ற வரிசைகளை மட்டும் நீக்குகின்றன. அப்போது கோப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். உள்ளே ஒன்றும் இருக்காது. ஆகவே நான் பார்ப்பது செயலின் பெயரை அல்ல, செய்தவரின் பெயரை. வைரஸ் தடுப்பு நிரல் அந்தக் கோப்புறையைப் படிப்பது இயல்பு. உலாவியைத் தவிர வேறொரு நிரல் அங்கே எழுதுகிறது என்றால் அது விசாரிக்கப்பட வேண்டியது. இந்தக் கணினியில் உலாவி மூடப்பட்ட சிறிது நேரத்துக்கெல்லாம் ஒரு துப்புரவு மென்பொருளின் பின்னணி நிரல் குக்கி கோப்பில் எழுதியது தெளிவாகத் தெரிந்தது. வேறொரு மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்ட இலவசப் பதிப்பு அது. அலுவலகத்தில் அதை நிறுவியதாக யாருக்கும் நினைவில்லை. அமைப்புகளில் நான்காவது திரையில், உலாவி மூடப்பட்டதும் தானாகச் சுத்தம் செய்யும் தேர்வு இயங்கிக்கொண்டிருந்தது.

இப்படிப்பட்ட மென்பொருள் எப்படி முடிவெடுக்கிறது என்று தெரிந்துகொண்டால் அதன் தவறுகளும் புரியும். கணினியைப் பார்த்து எது குப்பை என்று அது ஆராய்வதில்லை. எந்தக் கோப்புறையில் எந்தப் பெயருள்ள கோப்புகளை அழிக்கலாம் என்ற பட்டியல் அதனிடம் இருக்கிறது, அவ்வளவுதான். சிசிகிளீனர் என்ற பிரபலமான துப்புரவு மென்பொருளுக்காகப் பயனர்களே தொகுத்துவரும் வின்ஆப்2 என்ற பட்டியலை நோட்பேடில் திறந்து பார்த்தால் இது விளங்கும்: நிரலின் பெயர், அது நிறுவப்பட்டிருக்கிறதா என்று அறியும் வழி, அழிக்க வேண்டிய பாதை, கோப்பு வகை என்று வரிவரியாக இருக்கும். பட்டியலை எழுதியவர் அன்றைய உலாவியைப் பார்த்து எழுதியிருப்பார். உலாவியோ சில வாரங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பாக வருகிறது. ஒரு தரவை இந்தக் கோப்பிலிருந்து அந்தக் கோப்புக்கு மாற்றுகிறது. பழைய பெயரைப் புதிய வேலைக்குப் பயன்படுத்துகிறது. பட்டியல் அதைப் பின்தொடரத் தவறும் நாளில் பயனுள்ள கோப்பு குப்பைக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

இதற்கு 2020ஆம் ஆண்டில் எல்லோருக்கும் தெரியும்படியான எடுத்துக்காட்டு ஒன்று நடந்தது. அந்த ஆண்டு ஜூலை இறுதியில் வந்த ஃபயர்பாக்ஸ் 79, நீட்சிகள் தம் அமைப்புகளை ஒத்திசைப்பதற்காகச் சேமிக்கும் முறையை மாற்றி, புதிய பெயரில் ஒரு எஸ்க்யூலைட் தரவுத்தளத்தை, அதாவது எல்லாம் ஒரே கோப்பில் அடங்கும் வகைத் தரவுத்தளத்தை, பயன்படுத்தத் தொடங்கியது. சிசிகிளீனர் அந்தப் புதிய கோப்பை அழிக்கத்தக்க தரவாகக் கருதி நீக்கியது. பயனர்கள் கண்டதெல்லாம், நீட்சிகள் இருக்கின்றன, அவற்றின் அமைப்புகள் மட்டும் காணவில்லை என்பதுதான். இயல்பாகவே பழி ஃபயர்பாக்ஸின் மீதும் நீட்சிகளை எழுதியவர்கள் மீதும் விழுந்தது. அந்தக் கோப்பை விலக்குப் பட்டியலில் சேர்ப்பதே உடனடித் தீர்வாக இருந்தது. சிசிகிளீனரும் பிறகு வந்த பதிப்பில் அதைச் சரிசெய்தது. இதில் யாரும் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை என்பதைத்தான் நான் கவனிக்கச் சொல்கிறேன். இரண்டு நிரல்களும் தத்தம் வேலையைச் செய்தன. ஒன்றின் உள்விவகாரத்தை மற்றொன்று அறிந்திருக்க வழியில்லை.

பெயரை மட்டும் பார்த்து அழிப்பதால் வரும் ஆபத்துக்கு இதைவிட நுட்பமான ஓர் எடுத்துக்காட்டு குரோமின் கோப்புறையில் இருக்கிறது. தளங்கள் நம் கணினியில் வைக்கும் தரவுகளையும் நீட்சிகளின் அமைப்புகளையும் குரோம் பெரும்பாலும் லெவல்டிபி என்ற தரவுத்தள முறையில் சேமிக்கிறது. அந்த முறையில் ஒவ்வொரு தரவுத்தளமும் ஒரு கோப்புறை. உள்ளே எண்ணைப் பெயராகவும் லாக் என்பதைப் பின்னொட்டாகவும் கொண்ட ஒரு கோப்பு இருக்கும். கணினி பழகியவர்களுக்கு லாக் கோப்பு என்றாலே நிகழ்வுக் குறிப்பு, அழித்தாலும் பாதகமில்லை என்ற எண்ணம். துப்புரவுப் பட்டியல்களிலும் எல்லா லாக் கோப்புகளையும் நீக்கு என்ற பொதுவிதி சாதாரணம். லெவல்டிபியிலோ புதிதாக எழுதப்படும் தரவு முதலில் அந்த லாக் கோப்பில்தான் சேர்கிறது. அது போதிய அளவு வளர்ந்த பிறகே நிரந்தரக் கோப்புக்கு மாற்றப்படுகிறது. ஒரு நீட்சியின் அமைப்புகளைப் போன்ற சிறிய தரவு, நிரந்தரக் கோப்புக்கு மாற வேண்டிய அளவை எட்டாமல் நீண்ட காலம் அங்கேயே கிடக்கலாம். எடைக்குப் போடும் பழைய தாள்களோடு நிலப் பத்திரமும் போய்விடுவது போன்ற காரியம் இது. வேடிக்கை என்னவென்றால், அதே கோப்புறையில் பின்னொட்டு இல்லாமல் லாக் என்றே பெயர் கொண்ட இன்னொரு கோப்பும் இருக்கிறது. உண்மையில் அழிக்கத்தக்க நிகழ்வுக் குறிப்பு அதுதான்.

ஃபயர்பாக்ஸில் புத்தகக்குறிகளும் வரலாறும் ஒரே எஸ்க்யூலைட் கோப்பில் இருக்கின்றன. அதன் பக்கத்தில், அதே பெயரோடு ஒரு சிறு ஒட்டுச் சேர்ந்த துணைக்கோப்பு ஒன்று, உலாவி ஓடும்போது இருக்கும். கடைசியாகச் செய்த மாற்றங்கள் முதலில் அதில் எழுதப்பட்டு, பிறகே முதன்மைக் கோப்பில் சேர்க்கப்படும். சில துப்புரவு மென்பொருள்கள் ஓடிக்கொண்டிருக்கும் உலாவியை வலுக்கட்டாயமாக மூடிவிட்டுச் சுத்தம் செய்ய அனுமதி கேட்கின்றன. நாமும் ஆமாம் என்று அழுத்துகிறோம். இப்படித் திடீரென்று மூடப்பட்ட உலாவியின் துணைக்கோப்பு தற்காலிகக் கோப்பு என்று அழிக்கப்பட்டால், முதன்மைக் கோப்பில் சேராத மாற்றங்கள் போய்விடும்; மோசமான சந்தர்ப்பத்தில் தரவுத்தளமே சிதைந்துவிடும். எஸ்க்யூலைட் தரவுத்தளத்தைக் கெடுப்பது எப்படி என்று அதை உருவாக்கியவர்களே எழுதி வைத்திருக்கும் ஆவணத்தில், பயன்பாட்டில் இருக்கும் துணைக்கோப்பை அழிப்பதும் ஒரு வழியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. புத்தகக்குறிகள் திடீரென்று மறைந்து, முந்தைய பக்கத்துக்குச் செல்லும் அம்புக்குறியும் ஃபயர்பாக்ஸில் வேலை செய்யாமல் போனால் இந்தக் கோப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். உதவிப் பட்டியலின் சிக்கல் தீர்க்கும் தகவல் பக்கத்தில், இந்தத் தரவுத்தளத்தின் ஒழுங்கைச் சரிபார்க்கும் பொத்தான் ஒன்று இருக்கிறது. சிறு சிதைவு என்றால் அதுவே சரிசெய்துவிடும்.

குக்கி என்றால் விளம்பரக்காரர்கள் நம்மைப் பின்தொடர வைக்கும் வேவுக்கோப்பு என்ற எண்ணம் பரவலாக இருப்பதால், அதை அழிப்பது புண்ணியம் என்று பலர் கருதுகிறார்கள். ஓரளவுக்கு உண்மைதான். ஆனால் ஒருமுறை கடவுக்குறியீடு கொடுத்து இந்தக் கணினியை நம்பலாம் என்று நாம் சொன்னதை மின்னஞ்சல் தளம் நினைவில் வைத்திருப்பதும் அதே குக்கியில்தான். அது போனால், நாம் தளத்துக்கு அந்நியர். வரி ஆலோசகருக்குத் தினமும் வந்த எச்சரிக்கை ஊடுருவலின் அறிகுறி அல்ல. அவருடைய சொந்தக் கணினியையே தளம் புதிதாகப் பார்த்ததன் விளைவு. இதில் எனக்குக் கவலை தருவது தொந்தரவு மட்டுமல்ல. ஒவ்வொரு நாளும் பொய் எச்சரிக்கையைப் பார்த்துப் பழகியவர், உண்மையான எச்சரிக்கை வரும் நாளிலும் அதைத் தள்ளிவிட்டுப் போய்விடுவார்.

குக்கியைத் தாண்டி, தளத்தரவு என்று உலாவி குறிப்பிடும் பகுதியில் இன்னும் கனமான பொருள்கள் இருக்கின்றன. வாட்ஸ்அப் வெப் தன் குறியாக்கச் சாவிகளை அங்கே வைக்கிறது. அவை போனால் க்யூஆர் கட்டத்தை மறுபடி படம்பிடிக்க வேண்டும். இணைக்கப்பட்ட கருவிகள் நான்கு வரைதான் என்பதால், கைப்பேசியில் பழைய இணைப்புகளை அவ்வப்போது நீக்கவும் வேண்டிவரும். இணைய இணைப்பு இல்லாதபோது கூகுள் டாக்ஸில் எழுதியவையும் ஒத்திசையும் வரை அந்தப் பகுதியில்தான் காத்திருக்கின்றன. இணைப்பு வருவதற்குள் துப்புரவு நடந்துவிட்டால் அந்த எழுத்து திரும்ப வராது. பிடுங்கப்பட்ட உள்நுழைவை மறுபடி செய்துகொள்ளலாம்; இதற்குப் பரிகாரம் இல்லை.

கேஷைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பக்கங்களின் படங்களையும் நிரல் துண்டுகளையும் உலாவி மறுபடி இறக்காமல் இருப்பதற்காக வைத்துக்கொள்ளும் சேமிப்பு அது. அதற்கு உலாவியே அளவு வரம்பு வைத்து, பழையதைத் தானாகத் தள்ளிவிடுகிறது. அதைத் தினமும் காலி செய்தால் தினமும் காலையில் எல்லாப் பக்கங்களும் மெதுவாகத் திறக்கும். மாலைக்குள் கேஷ் பழைய அளவை எட்டிவிடும். மறுநாள் துப்புரவு மென்பொருள் அதையே தன் சாதனையாக எண்ணிக் காட்டும். ஒரு தளம் மட்டும் உருக்குலைந்து தெரியும்போது அந்தத் தளத்தின் கேஷை அழிப்பதில் பொருள் உண்டு. மற்ற நேரங்களில் இல்லை.

விண்டோஸும் நிரல்களும் தம் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்யும் வசதி தனிக்கதை. மின்னஞ்சல் நிரலில் இருக்கும் சுட்டியைச் சொடுக்கினால் உலாவி திறக்காமல், வகுப்பு பதிவு செய்யப்படவில்லை என்ற பொருளில் விண்டோஸ் ஒரு செய்தி காட்டினால், அநேகமாக ரெஜிஸ்ட்ரியில் அந்த உலாவிக்கான பதிவு அறுந்திருக்கும். இணைய முகவரிகளை எந்த நிரலிடம் கொடுக்க வேண்டும் என்பதை விண்டோஸ் அங்கே ஓர் அடையாளப் பெயரால் குறித்து வைக்கிறது. உலாவியை நீக்கி மீண்டும் நிறுவிய கணினிகளில் பழைய பதிவும் புதிய பதிவும் கலந்து கிடக்கும்போது, துப்புரவு மென்பொருள் தவறானதை அறுத்துவிட வாய்ப்பு அதிகம். உலாவியை நீக்காமலே அதன் நிறுவியை மேலாக மறுபடி ஓட்டிவிட்டு, விண்டோஸ் அமைப்புகளில் இயல்புநிலை உலாவியை நாமே தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். தேர்வை நாமே செய்ய வேண்டும், ஏனெனில் விண்டோஸ் 8 முதல் எந்த நிரலும் தன்னைத்தானே இயல்புநிலையாக்கிக்கொள்ள விண்டோஸ் எளிதில் இடம் கொடுப்பதில்லை. ரெஜிஸ்ட்ரி துப்புரவு மென்பொருள்களைத் தாங்கள் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாகவே அறிவித்திருக்கிறது. ரெஜிஸ்ட்ரியில் சில நூறு அநாதைப் பதிவுகள் இருப்பதால் கணினி மெதுவாவதில்லை என்பது என் அனுபவமும்கூட.

இன்னும் இரண்டு விளைவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எந்த உலாவியிலும் எந்தத் தளமும் திறக்காமல் புராக்ஸியோடு (நமக்கும் இணையத்துக்கும் நடுவே நிற்கும் இடைக்கணினி) இணைய முடியவில்லை என்ற செய்தி வந்தால், விளம்பர நிரல் ஒன்றை நீக்கிய துப்புரவு மென்பொருள், அது வைத்துப்போன புராக்ஸி அமைப்பை அப்படியே விட்டுவிட்டது என்று பொருள் கொள்ளலாம். விண்டோஸின் நெட்வொர்க் அமைப்புகளில் புராக்ஸியை அணைத்தால் இணைப்பு வந்துவிடும். தளங்கள் உங்கள் உலாவி பழையது என்று சொல்லத் தொடங்கினால், கணினியின் தொடக்கத்தை வேகப்படுத்துகிறேன் என்று உலாவியின் புதுப்பிப்பு வேலைகளை அது முடக்கிவிட்டதா என்று டாஸ்க் ஷெட்யூலரில் பாருங்கள். பின்னது பாதுகாப்புக் குறையாகவும் முடியும்.

இழந்ததை மீட்பது முதல் சில நிமிடங்களில் என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்தது. குரோமின் புத்தகக்குறிகள் காணாமல் போனால், உலாவியை மறுபடி மறுபடி திறந்து பார்ப்பதுதான் பலரும் செய்வது. அதுதான் செய்யக் கூடாதது. குரோம் புத்தகக்குறிக் கோப்புக்குப் பக்கத்திலேயே அதன் முந்தைய நகல் ஒன்றை வைத்திருக்கும். உலாவி திறந்து ஓடும்போது வெறுமையான புதிய கோப்பு அந்த நகலின் மேல் எழுதப்பட்டுவிடலாம். ஆகவே உலாவியை மூடி, இரண்டு கோப்புகளையும் வேறிடத்தில் நகலெடுத்துவிட்டு, பிறகே நகலின் பெயரை மாற்றிப் பார்க்க வேண்டும். ஃபயர்பாக்ஸ் இதில் தாராளம். தேதி வாரியாகப் பல நகல்களைத் தனிக் கோப்புறையில் வைத்திருக்கிறது; புத்தகக்குறிகளை நிர்வகிக்கும் சாளரத்தில் மீட்டமை என்பதைச் சொடுக்கினால் தேதிகள் வரிசையாகத் தெரியும். கடவுச்சொற்களைப் பொறுத்தவரை, இரு உலாவிகளிலும் கடவுச்சொற்கள் ஒரு கோப்பிலும் அவற்றைத் திறக்கும் சாவி வேறொரு கோப்பிலும் இருக்கின்றன என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஒன்றை மட்டும் காப்பாற்றி வைத்தவருக்கு அதனால் பயன் இல்லை. கணக்கோடு ஒத்திசைவு இயங்கியிருந்தால் புத்தகக்குறிகளும் கடவுச்சொற்களும் மறுபடி இறங்கிவரும். குக்கிகளும் தளத்தரவும் வாரா.

அழித்த கோப்பை மீட்டுத்தரும் மென்பொருளை இந்த நேரத்தில் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு சொல். கணினியில் இருப்பது சுழலும் தட்டில்லாத எஸ்எஸ்டி வட்டு என்றால், அழிக்கப்பட்ட இடத்தை விண்டோஸ் வட்டுக்குத் தெரியப்படுத்திவிடும், வட்டும் அதைக் காலி செய்துவிடும்; மீட்பு பெரும்பாலும் நடவாது. துப்புரவு மென்பொருளில் பாதுகாப்பான அழிப்பு இயங்கியிருந்தால் சாதாரண வட்டிலும் நடவாது. அந்த அழிப்பில் 35 முறை மேலெழுதும் தேர்வு ஒன்றைச் சில மென்பொருள்கள் இன்னும் பெருமையோடு வைத்திருக்கின்றன. 1996இல் அன்றைய வட்டுகளுக்காக கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் பீட்டர் குட்மன் விவரித்த முறை அது. இன்றைய வட்டுகளுக்கு அது தேவையில்லை என்று அவரே சொல்லிவிட்டார். எஸ்எஸ்டியில் அதனால் தேய்மானம் மட்டுமே மிஞ்சும்.

அந்த அலுவலகத்தில் நான் அந்த மென்பொருளை நீக்கவே சொன்னேன். நீக்கிய பிறகு டாஸ்க் ஷெட்யூலரிலும், டாஸ்க் மேனேஜரின் தொடக்கப் பகுதியிலும் அதன் மிச்சங்கள் இருக்கின்றனவா என்று பார்த்தோம். நேரம் குறித்த வேலை ஒன்று அங்கே இருந்தது, அதையும் எடுத்தோம். பிறகு மறுபடியும் மின்னஞ்சலில் உள்நுழைந்து, உலாவியை மூடி, காத்திருந்து திறந்தபோது உள்நுழைவு நின்றது. நீக்க மனமில்லாதவர்கள் குறைந்தபட்சம் தானியங்கித் துப்புரவை அணைத்துவிட்டு, உலாவிக்கான பகுதியில் எல்லா டிக்கையும் எடுத்துவிடலாம். உலாவியைச் சுத்தம் செய்ய உலாவியைவிடத் தகுதியான நிரல் வேறில்லை. எந்தக் காலத்துத் தரவு, எந்த வகைத் தரவு என்று கேட்டு, ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒழுங்காக அழிக்கும் வசதி அதனுள்ளேயே இருக்கிறது.

கடவுச்சொல் கோப்புறை வரை கைநீட்ட உரிமையுள்ள ஒரு நிரலை, உண்மையான பயன் இல்லாமல் கணினியில் வைத்திருப்பதில் வேறோர் ஆபத்தும் உண்டு. 2017 ஆகஸ்டில் வெளியான சிசிகிளீனர் 5.33 பதிப்பில், அதைத் தயாரித்த நிறுவனத்துக்குள் ஊடுருவியவர்கள் தம் நிரலைப் புகுத்திவிட்டார்கள். நிறுவனத்தின் முறையான கையொப்பத்தோடு வந்த அந்தப் பதிப்பு, செப்டம்பரில் விஷயம் வெளிப்படுவதற்குள் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் ஏறிவிட்டது. நம்பகமான பெயர் என்பதால் யாரும் சந்தேகிக்கவில்லை.

சி டிரைவில் உண்மையாகவே இடமில்லாதவர்களுக்கு விண்டோஸிலேயே இருக்கும் ஸ்டோரேஜ் சென்ஸும் டிஸ்க் கிளீனப்பும் போதும். பழைய விண்டோஸ் புதுப்பிப்புகளின் மிச்சங்களை நீக்கினாலே பல ஜிபி கிடைக்கும். டிஸ்க் கிளீனப்பைப் பயன்படுத்தும்போது பட்டியலை ஒருமுறை படித்துவிட்டு அழுத்துங்கள்: 2018இல் வந்த விண்டோஸ் 10இன் 1809 பதிப்பில் டவுன்லோட்ஸ் கோப்புறையும் அந்தப் பட்டியலில் ஒரு வரியாகச் சேர்க்கப்பட்டிருந்தது; எல்லாவற்றையும் டிக் அடித்துப் பழகியவர்கள் தம் சொந்தக் கோப்புகளை இழந்தார்கள். பிந்தைய பதிப்புகளில் அந்த வரி எடுக்கப்பட்டுவிட்டது. வரி ஆலோசகரின் கணினியிலும் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது டவுன்லோட்ஸ்தான்: வாடிக்கையாளர்கள் அனுப்பிய அதே பிடிஎஃப், திறந்த ஒவ்வொரு முறையும் அடைப்புக்குறிக்குள் ஒரு புதிய எண்ணோடு இறங்கிக் குவிந்திருந்தது. அவற்றில் எதை வைத்துக்கொள்வது, எதை எடுப்பது என்று அவரே உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருக்கிறார்.